ஆறாவது தோட்டா யாருடைய பொறுப்பு?

ஏர் ரைபிள் பெல்லட் ஒன்றின் எடை சுமார் அரை கிராம். நான் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், போட்டித் தரத்தில் 500 பெல்லட் அடங்கிய ஒரு டப்பாவுக்கு என்னிடம் வாங்கியது 1,200 ரூபாய். விசையை ஒருமுறை அழுத்தினால் இரண்டு ரூபாய் நாற்பது காசு. இந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொண்டு ஒருத்தி எப்படிச் சுடுவாள்? மூச்சு பாதியில் நிற்க வேண்டும், தோள் தளர்ந்திருக்க வேண்டும், மனசில் ஒன்றும் இருக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார்கள். என் மனசில் டப்பா காலியாகிக்கொண்டே இருந்தது.

நான் பென்னாகரத்துக்காரி. அப்பா ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறார். அம்மா அங்கேயே கரையோரத்தில் மீன் வறுத்து விற்கிறார். எனக்குக் கண் இருந்தது, கை இருந்தது, பதறாத நெஞ்சு இருந்தது. காசு மட்டும் இல்லை. அது இல்லாததால் ஒரு விளையாட்டு என்னை வாசலோடு நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டது. அழுது தீர்த்தாயிற்று. இப்போது கேட்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் என்.சி.சி.யில் சேர்ந்தேன். முகாமில் ஒருநாள் ஃபயரிங். .22 ரைபிள், 25 மீட்டர் தூரம், குப்புறப் படுத்துக்கொண்டு சுட வேண்டும். கேடட் ஒருத்திக்கு ஐந்து ரவுண்டு. வெயிலில் காய்ந்த மண்ணின் சூடு சட்டையைத் தாண்டி வயிற்றில் ஏறியது. எங்கள் பயிற்சியாளர், உஸ்தாத் என்போம், இந்தியில் கட்டளை கொடுத்தார். பாதி புரியவில்லை, பக்கத்தில் படுத்திருந்தவள் செய்வதைப் பார்த்துச் செய்தேன். முதல் ரவுண்டின் சத்தத்துக்கே பல பிள்ளைகள் கண்ணை மூடிவிட்டார்கள். எனக்கு அந்தச் சத்தம் கேட்டதாகவே நினைவில்லை. கண்ணுக்கு முன்னால் கறுப்பு வட்டம் மட்டும் இருந்தது. முடித்து எழுந்ததும் சுட்ட தோட்டாக்களின் எம்ட்டி கேஸை எண்ணி ஒப்படைக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் புல்லைக் கிளறித் தேட வைப்பார்கள். அவ்வளவு கறாரான கணக்கு.

டார்கெட் பேப்பர் வந்தது. உஸ்தாத் அதைத் தரையில் விரித்து, பையிலிருந்து ஒரு பத்து ரூபாய் நாணயத்தை எடுத்து வைத்தார். ஐந்து ஓட்டையும் அதற்கடியில் மறைந்துவிட்டன. இந்தப் பெண் இதற்கு முன்னால் எங்கே சுட்டாள் என்று எங்கள் ஆசிரியையிடம் கேட்டார். எங்கேயும் இல்லை சார், இவங்க அப்பா பரிசல் ஓட்டறவர் என்றார் ஆசிரியை.

இன்னொருமுறை சுடட்டுமா என்று கேட்டேன். ஆளுக்கு ஐந்துதான். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கும் அதே ஐந்துதான் இருந்தது. உஸ்தாத் மேல் எனக்குக் கோபமில்லை, என் ஆசிரியை மேலும் இல்லை. கையிலிருந்ததை அவர்கள் சமமாகப் பங்கிட்டார்கள். ஆனால் இந்தப் பிள்ளைக்கு இப்படி ஒரு கை இருக்கிறது என்று ஒருநாள் தெரிந்துவிட்ட பிறகு, அந்தக் கைக்கு ஆறாவது தோட்டாவைக் கொடுக்க வேண்டியது யார்? அதை எந்தத் துறையும் தன் வேலை என்று எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடம் எடுத்துக்கொள்ளவில்லை, மாவட்டம் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பேப்பரை ஆசிரியை என்னிடமே கொடுத்துவிட்டார். பாடப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன்.

என்.சி.சி.க்குள்ளேயே மேலே போக வழி உண்டு. டெல்லியில் தல் சைனிக் முகாம் இருக்கிறது, அதில் துப்பாக்கிச் சுடுதலும் உண்டு. அகில இந்திய ஜி.வி. மாவலங்கர் துப்பாக்கிச் சுடுதல் போட்டி இருக்கிறது. அந்தத் தேர்வுகளுக்குப் போய் வரிசையில் நிற்கும்போது, பக்கத்தில் நிற்கிற பிள்ளை நகரத்து ரேஞ்சில் வருஷக்கணக்காகச் சுட்டுப் பழகியவளாக இருப்பாள். அவளுக்கும் அதே பேப்பர், எனக்கும் அதே பேப்பர். இதைத்தான் சமமான போட்டி என்கிறார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகு, தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஒரு நகரத்திலிருந்த பயிற்சிக்கூடத்துக்கு அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பத்து மீட்டர் ஏர் ரைபிள். இந்த வகைத் துப்பாக்கிக்கு, 4.5 மில்லிமீட்டர் குழாயும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் இருந்தால், உரிமம்கூடத் தேவையில்லை. சட்டம் எனக்குக் குறுக்கே நிற்கவில்லை. பயிற்சிக்கூடத்துக்காரர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்த விலைகள்தான் நின்றன.

சொந்தமாக ரைபிள் வாங்கினால் இரண்டு லட்சத்துக்கு மேல். வால்தர், ஃபைன்வெர்க்பாவ், ஆன்ஷுட்ஸ் என்று அவர் சொன்ன பெயர்கள் எல்லாம் ஜெர்மனியில் செய்யப்படுகிறவை. யாரோ பயன்படுத்தியதை வாங்கினாலும் லட்சத்துக்குக் கீழே வராது. ரைபிள் வாங்க முடியாதவர்கள் அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம், அதற்கு மணிக்கணக்கில் காசு. லேன் கட்டணம் மாதம் 4,000. கோச்சுக்குத் தனியாக. முதுகையும் இடுப்பையும் தாங்கிப் பிடிக்கும் தடித்த ஜாக்கெட், பேன்ட், தட்டையான அடியுள்ள ஷூ, இடது கைக்கு ஒரு கிளவ். எல்லாம் சேர்ந்து இன்னொரு அரை லட்சம். ரைபிளின் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று நிரப்ப வேண்டும். அதற்கும் காசு. போட்டிக்குப் போக வேண்டுமென்றால் அங்கீகாரம் பெற்ற ஒரு கிளப்பில் உறுப்பினராக இருக்க வேண்டும். அந்த உறுப்பினர் கட்டணத்தை அவர் சொன்னபோது அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். பிறகு போட்டி நுழைவுக் கட்டணம், போக வர ரயில், தங்கும் அறை.

இவை பெரும்பாலும் ஒருமுறையோ மாதம் ஒருமுறையோ கட்டுகிறவை. எப்பாடு பட்டாவது புரட்டலாம். என்னைக் கொன்றது பெல்லட்தான். அது தினமும் வேண்டும். ஒழுங்காகப் பயிற்சி செய்கிறவர்கள் ஒரு நாளைக்கு நூறாவது சுடுகிறார்கள். மாதம் இருபத்தைந்து நாள் வைத்தாலும் 2,500. ஐந்து டப்பா. ஆறாயிரம் ரூபாய்.

அங்கே என் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். நல்ல பெண், அவள் மேல் எனக்கு ஒரு பொறாமையும் கிடையாது. அவள் அப்பா வெவ்வேறு தயாரிப்புத் தொகுதிகளிலிருந்து சில டப்பாக்களை வரவழைத்து, ரைபிளை ஒரு பிடியில் இறுக்கி வைத்து, எந்தத் தொகுதி அந்தக் குழாய்க்கு மிகப் பொருந்துகிறது என்று சுட்டுச் சுட்டுப் பார்த்தார். பெல்லட்டின் தலை அகலம் 4.49, 4.50, 4.51 என்று நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரில் மாறுமாம். அப்படிச் சோதித்துக் கழித்ததே டப்பா டப்பாவாகப் போயிருக்கும். நான் அப்போது என் பெல்லட்டுகளை எண்ணிக் காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு இருபது, நாளைக்கு இருபது.

எங்கள் வீட்டு வருமானத்தைச் சொல்கிறேன். ஒகேனக்கல்லில் பரிசல் ஓடினால்தான் காசு. கர்நாடகத்தில் மழை பெய்து கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பினால், பிலிகுண்டுலுவில் நீர்வரத்தின் கன அடிக் கணக்கு ஏறிக்கொண்டே போகும். உடனே பரிசலுக்குத் தடை. ஆற்றில் வெள்ளம் போகும்போது ஆளை ஏற்றக் கூடாது, உயிர் சமாச்சாரம், தடை போடுவது சரிதான். ஆனால் அது பெரும்பாலும் ஆடி மாதத்தில் வரும். ஆடிப்பெருக்குக்கு ஊர் உலகமே வந்து நிற்கிற நேரத்தில் அப்பாவின் பரிசல் கரையில் கவிழ்ந்து கிடக்கும். அருவிக்கு ஆள் வராத நாளில் அம்மாவின் வாணலியும் கவிழ்ந்துதான் கிடக்கும். அந்த மாதங்களில் எனக்கு ஒரு டப்பா பெல்லட்கூட இல்லை. "தண்ணி எறங்கட்டும் பாப்பா" என்பார் அப்பா. மேட்டூருக்குப் போய்ச் சேர வேண்டிய தண்ணீருக்கும் என் குறிக்கும் என்ன சம்பந்தம்? எங்கள் வீட்டில் இருந்தது.

அம்மாவின் தோடு முதலில் போனது. பிறகு மகளிர் குழுவில் கடன். வாரா வாரம் கட்ட வேண்டிய கடன் அது. குழுவில் எதற்கென்று கேட்டபோது அம்மா தையல் மிஷின் என்று சொல்லிவிட்டு வந்தார். பெண்ணுக்குத் துப்பாக்கிக் குண்டு வாங்கக் கடன் வேண்டும் என்று ஒரு தாய் பென்னாகரத்தில் வாய் திறந்து சொல்ல முடியுமா?

இந்த ஊருக்குத் துப்பாக்கி என்றால் வேறு அர்த்தம். வீரப்பனைச் சுட்டது இங்கே பாப்பாரப்பட்டியில், 2004 அக்டோபர் 18 அன்று. அதற்கு முன்பு எத்தனையோ வருஷம் அதிரடிப்படை முகாம்களும் விசாரணைகளும் இந்தக் காட்டோரத்து மக்கள் தலைமேல் இருந்தன. இன்றைக்கும் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து ஒப்படையுங்கள் என்று மலையோர ஊர்களில் போலீஸ் அறிவிப்பு வருகிறது. ஆகவே நான் துப்பாக்கி சுடப் போகிறேன் என்றதும் என் அத்தை, "ஏம்மா, ஸ்டேஷன்ல கூப்பிட மாட்டாங்களா?" என்றுதான் கேட்டார். அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. அந்தப் பயத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டுதான் என்னை அனுப்பினார்கள்.

நான் இருபது பெல்லட்டை வைத்துக்கொண்டு என்ன செய்தேன் தெரியுமா? மீதி நேரமெல்லாம் பெல்லட் இல்லாமல் வெறுமனே விசையை அழுத்திப் பழகினேன். டிரை ஃபயர் என்பார்கள். பெரிய வீரர்களும் செய்கிற பயிற்சிதான், அதன் பலனை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் அதைச் செய்துவிட்டுச் சுடுவார்கள். நான் அதைச் செய்துவிட்டு பஸ் ஏறினேன். வீட்டில் ரைபிள் கிடையாது. ஒரு கட்டையில் செங்கல்லைக் கட்டி, ஏறத்தாழ ஐந்து கிலோ வரும்படி செய்து, தோளில் வைத்துக்கொண்டு நிற்பேன். சுவரில் பொட்டு ஒட்டியிருந்தேன். அந்தப் பொட்டிலிருந்து பார்வை நகராமல் நிற்க வேண்டும். அப்பா பரிசலிலிருந்து திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஏர் ரைபிளில் பத்துப் புள்ளிக்கான இடம் அரை மில்லிமீட்டர். குண்டூசித் தலையைவிடச் சின்னது. பத்து மீட்டர் தள்ளி நின்று, நின்றவாக்கில், அதைத் தொட வேண்டும். நடுவின் நடுவைத் தொட்டால் 10.9. தகுதிச் சுற்றில் அறுபது ஷாட். ஒன்றேகால் மணி நேரம். அதற்கு முன்னால் கால் மணி நேரம் பழக்க ஷாட், அதில் எத்தனை வேண்டுமானாலும் சுடலாம். நான் ஐந்தாறோடு நிறுத்திக்கொண்டேன், ஏனென்று சொல்லத் தேவையில்லை.

போட்டிக்குப் போன அன்று என் தோளில் இருந்தது இன்னொருவருடைய ரைபிள். கன்னம் வைக்கும் கட்டையின் உயரம் என் கன்னத்துக்கு அமைத்ததில்லை. ஜாக்கெட் கடன் வாங்கியது, தோளில் ஒரு விரல் அகலம் தொளதொளத்தது. அப்படியிருந்தும் முதல் பத்தில் நூற்றுக்கு மேல். இரண்டாவது பத்தில் நூற்றுக்கு மேல். மூன்றாவது, நான்காவதும் அப்படியே. பின்னால் நின்ற கோச்சுகள் திரும்பிப் பார்த்தார்கள். நாற்பதாவது ஷாட்டைத் தாண்டியதும் என் இடது கை அடியில் ஒரு நடுக்கம் தொடங்கியது. பயமில்லை அது. உடம்பு அதற்கு மேல் போய்ப் பார்த்ததே இல்லை. தினமும் இருபது சுட்டுப் பழகிய உடம்பை அறுபது சுடச் சொன்னால் அது எங்கே போகும்? ஐந்தாவது பத்தில் 97. ஆறாவதில் இன்னும் கீழே. கடைசிப் பத்து ஷாட் சுடும்போது கண்ணில் தண்ணீர் நின்றது, வட்டம் கலங்கித் தெரிந்தது.

நான் தோற்றது குறி தவறியதால் இல்லை. எனக்கு மாதம் நான்கு டப்பா குறைவாக இருந்ததால் தோற்றேன். இதை யார் முன்னாலும் சொல்வேன். அந்தப் புள்ளிப் பட்டியலில் என் பெயருக்கு நேராக இருந்த எண் என் திறமையின் எண் இல்லை. என் அப்பாவின் வருமானத்தின் எண் அது.

2008 ஆகஸ்ட் 11 அன்று பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இதே பத்து மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வாங்கினார். இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம். அவருக்கு வீட்டிலேயே சொந்தமாக ஒரு ரேஞ்ச் இருந்தது. அவருடைய உழைப்புக்கு முன்னால் நான் தலை வணங்குகிறேன். வசதி இருந்த எல்லாரும் பிந்த்ரா ஆகவில்லை என்பது எனக்குத் தெரியும். பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் பிரிவில் சுட்ட பிரித்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டை அரச குடும்பத்துப் பிள்ளை. அவரும் பல வருஷம் விடாமல் உழைத்தவர். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகத் தரத்தில் சுடுகிறார், ஆனால் அவர் வளர்ந்ததும் பயிற்சி பெற்றதும் அகமதாபாத்தில். 2022 ஜூலையில் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் நடிகர் அஜித்குமார் சுட்டுப் பதக்கங்கள் வாங்கினார். அவரைப் பார்க்கக் கூடிய கூட்டத்தால்தான் எங்கள் ஊர் டீக்கடையில்கூட இந்த விளையாட்டின் பெயர் அடிபட்டது. அதற்காக நான் அவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். இவர்கள் யார் மேலும் எனக்குக் குறையில்லை. என் கேள்வி, இந்த வரிசையில் பரிசல்காரர் மகள் ஏன் இல்லை என்பது.

ஸ்வப்னில் குசாலேயைப் பாருங்கள். மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர் மாவட்டத்துக் கம்பல்வாடி கிராமம். அப்பா பள்ளி ஆசிரியர். மகனுக்குத் தோட்டா வாங்க அவர் வங்கியில் கடன் எடுத்தார் என்று பாரிஸ் ஒலிம்பிக் சமயத்தில் எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. ஒரு தோட்டா 120 ரூபாய் விற்ற காலமாம் அது. 2024 ஆகஸ்ட் 1 அன்று ஐம்பது மீட்டர் ரைபிளில் அவர் வெண்கலம் வாங்கினார். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு என் அம்மா அழுதார். எல்லாரும் அதைத் தியாகக் கதையாகப் படித்தார்கள். எனக்கு அதைப் படிக்கும்போது நெஞ்சு எரிந்தது. ஒரு வாத்தியார் கடன் எடுத்தால்தான் இந்தியாவுக்கு ஒரு பதக்கம் வரும் என்றால், கடன் கிடைக்காத அப்பன்களின் பிள்ளைகள் எத்தனை பேர் எங்கெங்கே கிடக்கிறார்கள்? குசாலேக்கு மாதச் சம்பளச் சீட்டு வைத்திருந்த அப்பா இருந்தார். மகாராஷ்டிர அரசின் கிரீடா பிரபோதினி அவரைச் சிறுவயதிலேயே எடுத்து வளர்த்தது. பிறகு ரயில்வே வேலை கொடுத்தது. பரிசல்காரருக்கு எந்த வங்கி சம்பளச் சீட்டில்லாமல் தோட்டாக் கடன் கொடுக்கும்?

உதவி இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொன்னால் பொய். தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை 2023-இல் தொடங்கப்பட்டது. வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போகவும் கருவிகள் வாங்கவும் பல பிள்ளைகளுக்கு அது கை கொடுத்திருக்கிறது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு மூன்று சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது. ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினால் மூன்று கோடி, வெள்ளிக்கு இரண்டு கோடி, வெண்கலத்துக்கு ஒரு கோடி என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்தது. மத்திய அரசின் ஒலிம்பிக் திட்டத்தில் மனு பாக்கரின் பயிற்சிக்கு மட்டும் ஒன்றரைக் கோடிக்கு மேல் செலவிட்டதாகச் செய்தி வந்தது. செலவிட்டது சரி, அந்தப் பெண் இரண்டு வெண்கலம் கொண்டுவந்தாள். தேசியப் போட்டியில் குறித்த புள்ளியை எட்டி, பெயர்பெற்ற வீரர் என்ற தகுதி வந்துவிட்டால் வெளிநாட்டிலிருந்து துப்பாக்கியும் தோட்டாவும் தருவிக்கவும் வழி திறக்கிறது.

எல்லாக் கதவும் திறக்கிறது. அறுபது ஷாட்டையும் நன்றாகச் சுட்டு முடித்த பிறகு. சான்றிதழ் எங்கே என்று கேட்கிறார்கள். மாநிலப் பதக்கம் இருக்கிறதா, தேசியப் பதக்கம் இருக்கிறதா? இருந்தால் வா. பதக்கம் வாங்கப் பயிற்சி வேண்டும், பயிற்சிக்குப் பெல்லட் வேண்டும், பெல்லட்டுக்குப் பதக்கம் வேண்டும். இந்தச் செக்கில் என்னைப் போன்றவர்களைக் கட்டிவிட்டு, முதல் சுற்றைச் சொந்தக் காசில் சுற்றி வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் என்ன நியாயம் இது? மூன்று கோடியை ஆறாயிரத்தால் வகுத்துப் பாருங்கள். ஐந்தாயிரம் மாதம் வரும். நூறு பிள்ளைகளுக்கு நாலு வருஷத்துப் பெல்லட். ஒரே ஒரு தங்கத்தின் பரிசுத் தொகையில். தங்கம் வாங்கியவருக்கு அந்த மூன்று கோடியையும் கொடுங்கள், ஒரு ரூபாயும் குறைக்காதீர்கள். அதற்கு முன்னால் இந்தப் பக்கமும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

என்னிடம் ஒருவர் சொன்னார். படித்தவர், விளையாட்டு தெரிந்தவர், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. "ஏம்மா இந்தக் காசு பிடிச்ச விளையாட்டு? உங்க பக்கத்துப் பிள்ளைங்க நல்லா ஓடுவீங்க. ஓடலாம், கபடி ஆடலாம்." அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் கால்களை யார் அளந்து பார்த்தார்கள்? தர்மபுரி மாவட்டத்துப் பிள்ளைக்கு ஓட வரும் என்பதை எந்தச் சோதனையில் கண்டுபிடித்தார்கள்? ஓடுவதற்குக் காசு வேண்டாம், அதனால் நாங்கள் ஓடப் பிறந்தவர்கள் ஆகிவிட்டோம். எனக்கு ஓட வராது. மூச்சு வாங்கும். எனக்கு நிற்க வரும். அசையாமல், இமைக்காமல், என் இதயத்துடிப்பு இரண்டுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியைப் பார்த்து விசையை அழுத்த வரும். இந்தக் கொடுப்பினை இந்த ஊரில் எனக்கு இருந்தது. இது ஏழைக்கேற்ற விளையாட்டாகப் பார்த்துப் பிறந்திருக்க வேண்டும் என்று யாரும் என்னிடம் சொல்லக் கூடாது.

இப்போது ஓசூரில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் நிறையப் பேர் கம்பெனி பஸ்ஸில் அங்கே போகிறார்கள். பூதக்கண்ணாடிக்குக் கீழே, அரிசியைவிடச் சின்ன உதிரிபாகத்தை இடுக்கியால் எடுத்து அதன் இடத்தில் பொருத்த வேண்டும். என் லைனில் தவறு மிகக் குறைவு. கை ஆடாத பிள்ளை என்று சூப்பர்வைசர் புதிதாக வருகிறவர்களிடம் என்னைக் காட்டுகிறார். நாட்டுக்கு வேண்டாமென்று போன கை சம்பளத்துக்கு வேண்டியிருக்கிறது. அந்தச் சம்பளத்தில் குழுக் கடனை அடைத்தேன், அம்மாவுக்குத் தோடு மீட்டுக் கொடுத்தேன். என் கதை அவ்வளவுதான். எனக்காக நான் எதையும் கேட்கவில்லை.

பத்து மீட்டர் ரேஞ்சுக்கு ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டாம். வெடிமருந்து கிடையாது, காற்றில் போகும் ஈயம். கூரையும் பின்சுவரும் பெல்லட்டைப் பிடிக்கும் இரும்புத் தடுப்பும் உள்ள ஒரு நீளமான அறை போதும். பென்னாகரத்தில் அப்படி ஓர் அறை இல்லை என்று யாராவது சொல்லட்டும் பார்க்கலாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆயுதப்படை இருக்கிறது. சுடத் தெரிந்தவர்கள், சொல்லிக் கொடுக்கத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். திருச்சியில் காவல்துறை இடத்திலேயே ரைபிள் கிளப் அமைத்து மாநிலப் போட்டி நடத்த முடிந்தது. தர்மபுரியில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று நாலு லேன் போட முடியாதா? நாலு ரைபிள், வெவ்வேறு உடம்புக்கு நாலு ஜாக்கெட். பிள்ளைகளைத் தேடி அலையவே வேண்டாம். வருஷா வருஷம் என்.சி.சி. முகாமில் ஐந்து ரவுண்டு சுடுகிறார்களே, அந்தப் பேப்பர்களைத் தூக்கிப் போடாமல் ஒருவர் உட்கார்ந்து பாருங்கள். நாணயத்துக்கு அடியில் மறைகிற ஐந்து ஓட்டை எந்தப் பேப்பரில் இருக்கிறது என்று பாருங்கள்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, என் பள்ளியில் இப்போது ஒன்பதாவது படிக்கும் பிள்ளை ஒருத்தி என்னைத் தேடி வீட்டுக்கு வந்தாள். கல் உடைக்கிறவர் மகள். முகாமில் சுட்ட பேப்பரைச் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தாள். விரித்துக் காட்டினாள். என்னுடையதைவிட நன்றாக இருந்தது. "அக்கா, அடுத்து நான் எங்க போய்ச் சுடறது?" என்று கேட்டாள்.

அவளுக்கு வயசு பதினாலு. 2032-இல் பிரிஸ்பேனில் ஒலிம்பிக் நடக்கும்போது அவளுக்கு இருபதுதான் ஆகியிருக்கும். விளையாட்டுத் துறையில் பொறுப்பில் இருக்கிறவர்களே, மாவட்ட நிர்வாகத்தில் இருக்கிறவர்களே, அவளிடம் சொல்ல எனக்கு ஒரு முகவரி கொடுங்கள். அவளுக்கு இந்த மாதத்திலிருந்து, பதக்கம் கேட்காமல், மாதம் ஐந்து டப்பா வேண்டும். யார் கொடுப்பீர்கள்?